அலி ஃபர்கா தூரே: நைஜர் ஆற்றங்கரை உழவர் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

வெண்ணாறு (மன்னார்குடி) எழுதியது:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடி, ஓர் இசைக்கலைஞரைப் பற்றிப் பேசி, அவருடைய இசையைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு மாலி நாட்டுக் கிதார்க் கலைஞர் அலி ஃபர்கா தூரேயை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் வயலிலிருந்து நேராக வருபவர்கள் என்பதால், அவர் தம்மை முதலில் உழவர் என்றும் பிறகுதான் பாடகர் என்றும் சொல்லிக்கொண்டார் என்ற செய்தியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அது இசைத்தட்டு விற்பதற்காக மேற்கத்திய நிறுவனங்கள் ஊதிப் பெருக்கிய படிமமாக இருக்குமோ என்ற ஐயமும் உள்ளது. இன்னொன்று: அவருடைய வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் கர்நாடக இசையின் சுத்த தன்யாசி இராகம் நினைவுக்கு வருகிறது. கூட்டத்தில் அதைச் சொல்லலாமா, அல்லது சங்கீதம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களா?

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

நிலம் உண்மை, அதில் ஐயம் வேண்டாம். நிறுவனங்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன என்பதும் உண்மைதான்.

அவர் 1939இல் நைஜர் ஆற்றங்கரையில் கனாவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். முன்னே பிறந்த ஆண்பிள்ளைகள் ஒன்பது பேரும் தங்காமல் போக, பத்தாவதாகப் பிறந்த இவராவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று ‘ஃபர்கா’, அதாவது கழுதை, என்று பட்டப்பெயர் வைத்தார்கள். (நம் பக்கம் குப்பன், பிச்சை என்று வைத்தார்களே, அதே கணக்கு.) தந்தை பிரெஞ்சுப் படையில் பணியாற்றும்போது இறந்துவிட, குடும்பம் அதே ஆற்றங்கரையில் தெற்கே உள்ள நியாஃபுங்கேவுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடம் போகாமல் வயல் வேலையில் வளர்ந்த அவர், குர்க்கெல் என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தைச் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார். அது வெறும் பொழுதுபோக்கு வாத்தியம் அன்று. ஆற்றில் உறைவதாக அங்குள்ளவர்கள் நம்பும் ஆவிகளை அழைக்கும் சடங்குகளில் வாசிக்கப்படுவது. அவருடைய பாட்டி அத்தகைய சடங்குகளில் பெயர்பெற்றவர் என்பதால், அவருக்கு இசை கச்சேரியாக அறிமுகமாவதற்கு முன்பே வழிபாடாக அறிமுகமாகிவிட்டது.

1956இல் கினி நாட்டுக் கலைஞர் ஃபொடேபா கெய்டா குழுவினரின் நிகழ்ச்சியைக் கண்ட பிறகுதான் கிதார் மீது ஆசை வந்தது. ஒற்றைத் தந்தியில் பழகிய விரல்வழக்கத்தை அப்படியே ஆறு தந்திக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய வாசிப்பு வேறு எவருடையதைப் போலவும் இல்லாததற்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். வயிற்றுப்பாட்டுக்காக வண்டி ஓட்டினார், ஆற்றில் படகு ஓட்டினார். 1968இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நடந்த விழாவுக்கு மாலியின் சார்பில் சென்றபோதுதான் சொந்தமாக ஒரு கிதார் வாங்கினார். 1970களில் மாலித் தலைநகர் பமாகோவின் வானொலியில் ஒலிப்பதிவாளராகப் பணிபுரிந்துகொண்டே, தாம் பதிவு செய்த நாடாக்களைப் பாரிசுக்கு அனுப்பி இசைத்தட்டுகளாக வெளியிட்டார். அவற்றுள் சில லண்டன்வரை போய்ச் சேர்ந்ததன் விளைவாகவே 1987இல் அங்கே ஒரு நிறுவனம் அவருடைய தொகுப்பை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 48 என்பதைக் கூட்டத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.

1994இல் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வெளியிட்ட ‘டாக்கிங் டிம்பக்டு’ அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. வேறு எவராக இருந்தாலும் அதோடு லண்டனிலோ பாரிசிலோ வீடு பார்த்திருப்பார்கள். இவரோ ஊருக்குத் திரும்பி நெல்லும் காய்கறியும் பயிரிட்டு, இசையில் வந்த பணத்தை நிலத்துக்கு நீர் பாய்ச்சுவதில் போட்டார். அவரை வயலிலிருந்து கிளப்ப முடியாது என்று தெரிந்தபோது, ஒலிப்பதிவுக் கருவிகளையும் ஜெனரேட்டரையும் நியாஃபுங்கேவுக்கே கொண்டுவந்து, கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தில் வைத்து, வயல் வேலை ஒழிந்த நேரங்களில் பதிவு செய்தார்கள். 1999இல் வெளியான அந்தத் தொகுப்புக்கு ஊரின் பெயரே தலைப்பு. 2004இல் அவ்வூர் மேயரானதும், தம் கைப்பணத்தில் சாலை போட்டார், கழிவுநீர் வாய்க்கால் வெட்டினார், ஊருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டருக்கு டீசலும் வாங்கிக் கொடுத்தார். 2006 மார்ச்சில் எலும்புப் புற்றுநோயால் இறக்கும்போதும் மேயராகவே இருந்தார். உடல் நியாஃபுங்கேவில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

சீவாளி (திருவாரூர்) எழுதியது:

வெண்ணாறு ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இராகக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அவருடைய பல பாடல்களில் வருவது ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம் ஆகிய ஐந்து ஸ்வரங்கள்தாம். சுத்த தன்யாசிக்கும் இவையே ஸ்வரங்கள் ஆகையால் உங்கள் செவி சரியாகவே கேட்டிருக்கிறது, யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் அவர் சுத்த தன்யாசி வாசித்தார் என்று சொல்லிவிடாதீர்கள். நாம் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைத்துப் பிடிக்கும் பிடியில்தான் அந்த இராகம் உயிர் பெறுகிறது. அவரோ கட்டைவிரலால் ஒரே ஸ்வரத்தைச் சுருதிபோல் விடாமல் ஒலிக்கச் செய்து, அதன்மேல் ஒரு சிறிய சொற்கட்டைச் சற்றே மாற்றி மாற்றித் திருப்பி வாசிக்கிறார். பக்கத்தில் கவிழ்த்து வைத்த பெரிய சுரைக்குடுக்கையை ஒருவர் கையால் தட்டுகிறார். தாளம் அவ்வளவுதான், தனியாவர்த்தனத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

குடமுருட்டி அவர்கள் சொல்லாமல் விட்டதொன்று, எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முக்கியமானது. மாலியில் பாடுவதும் வாசிப்பதும் கிரியோ எனப்படும் பரம்பரைக் கலைஞர் குலத்தின் தொழில். தூரே பிறந்தது இசைத்தொழிலைத் தனக்குரியதாகக் கருதாத உயர்குடியில். ஆகவே அவருடைய வீட்டார் இசையை விரும்பவில்லை. அவர் தம்மை உழவர் என்று சொன்னதில் பணிவு மட்டும் இல்லை, ‘நான் கிரியோ இல்லை’ என்ற குலப்பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தம் மகன் வியூ ஃபர்கா தூரே கலைஞராவதை அவரும் எதிர்த்தார், பட்டாளத்துக்குப் போகச் சொன்னார் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். மகன் கேட்கவில்லை, இன்று அவரும் பெயர்பெற்ற கிதார்க் கலைஞர். மகனுக்காகத் தந்தையிடம் பரிந்து பேசியவர் கோரா வாத்தியக் கலைஞர் துமானி தியாபாத்தே. அவர் அசல் கிரியோ பரம்பரை.

காட்டுயானம் (வலங்கைமான்) எழுதியது:

இசை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, நெல் தெரியும். நியாஃபுங்கே இருப்பது நைஜர் ஆறு கடலைச் சேருமிடத்தில் இல்லை. ஆறு பாதி வழியில், பாலைவனத்தின் விளிம்பில், பல கிளைகளாகவும் ஏரிகளாகவும் விரிந்து கிடக்கும் உள்நாட்டு டெல்டாவின் வடபகுதியில் இருக்கிறது. கினி மலைகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை அங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். திம்புக்டு பக்கம் வெள்ளம் உச்சத்தைத் தொடும்போது மழைக்காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். மேட்டூர் திறப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஆசிய நெல்லிலிருந்து வராத, தனி இனமான ஆப்பிரிக்க நெல்லை ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கியவர்களும் அந்தப் பகுதி மக்கள்தாம். வெள்ளம் ஏற ஏறத் தானும் உயரும் நெல் வகைகள் அங்கே இன்னும் உண்டு. ஆகவே அவரை உழவர் என்று சொல்லும்போது, பொழுதுபோக்குக்காகத் தோட்டம் வைத்திருந்தவராக யாரும் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிரியோ பற்றிய செய்தி என் பேச்சின் திசையையே மாற்றிவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுமரபான ப்ளூஸை வைத்து, அவரை ‘ஆப்பிரிக்க ப்ளூஸ்’ கலைஞர் என்று அறிமுகப்படுத்தலாமா? எந்தத் தொகுப்பை முதலில் ஒலிக்கச் செய்வது?

குடமுருட்டி எழுதியது:

அந்தப் பட்டத்தை அவர் விரும்பியதில்லை. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கரின் பாட்டை முதன்முதலில் கேட்டபோது, இது நம் மாலி இசையாயிற்றே என்று வியந்தவர் அவர். வேரும் அடிமரமும் தங்களிடம் இருக்க, அமெரிக்காவில் இருப்பவை கிளையும் இலையும்தாம் என்பது அவருடைய வாதம். வரலாற்றாய்வாளர்கள் அதை முழுமையாக ஏற்பார்களா என்பது வேறு விவாதம், ஆனால் அவரை அறிமுகப்படுத்தும்போது அவர் மறுத்த பெயரால் தொடங்க வேண்டாம்.

முதலில் 2005இல் வெளிவந்த ‘இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பமாகோவில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதியில், தூரேயின் கிதாரும் தியாபாத்தேயின் 21 தந்திக் கோராவும் சேர்ந்து பதிவானது அது; அதற்கும் கிராமி கிடைத்தது. பாட்டு அதிகம் இல்லாததால் மொழி தெரியாதவர்களும் நெளியாமல் கேட்பார்கள். அதன் பிறகு ‘நியாஃபுங்கே’. நேரம் மிஞ்சினால் மட்டும் ரை கூடர் தொகுப்புக்குப் போங்கள். நூலக ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி இரைந்தால் சுரைக்குடுக்கை ஒலி காணாமல் போய்விடும். கூட்டத்துக்கு முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.