கணினி அறிவியலா, தகவல் அமைப்பியலா? முதுகலைக்கு எதில் சேர்வது?

கேள்வி: வார்டு_எண்_7

மருத்துவமனை மென்பொருளில் ஐந்து வருடமாக வேலை. இளங்கலையில் இயற்பியல். முதுகலைக்கு இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று கணினி அறிவியல், இன்னொன்று தகவல் அமைப்பியல். இரண்டு பாடத்திட்டத்திலும் தரவுத்தளம், நெட்வொர்க், பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது.

போன வருடம் எங்கள் நோயாளி தேடல் திரை ஒன்றரை நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. 40 லட்சம் வரிசை உள்ள டேபிள். பெயரின் நடுவில் வரும் எழுத்துகளை வைத்தும் தேடும்படி யாரோ எழுதியிருந்ததால், இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப்பட்டியல்) இருந்தும் உதவவில்லை. முதல் எழுத்திலிருந்து தேடும்படி மாற்றினேன், ஒரு நொடிக்குள் வந்தது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே இல்லை. மூன்று மாதம் கழித்து நேரில் போனால், நர்ஸ்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, ஷிப்ட் முடியும்போது மொத்தமாகக் கணினியில் ஏற்றுகிறார்கள். கேட்டதற்கு, "கையுறையோட எப்படிங்க தட்டுறது?" என்றார் ஒருவர். அன்றும் தூக்கம் வரவில்லை.

கணக்கு குறைவு, அதனால் தகவல் அமைப்பியலுக்கே போ என்கிறார் கூட வேலை பார்ப்பவர். சரியா?

பதில்: தலைகீழ்_நிரூபணம்

அவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். நான் தகவல் அமைப்பியலில் முதுகலை முடித்து, பிறகு தரவுத்தளத்தில் முனைவர் பட்டத்துக்குப் போனவன். தகவல் அமைப்பியலில் கணக்கு குறைவில்லை, வேறு கணக்கு. ரிக்ரஷன், காரணிப் பகுப்பாய்வு, ஸ்ட்ரக்சுரல் ஈக்குவேஷன் மாடலிங் என்று புள்ளியியல் பிழிந்து எடுக்கும்.

உங்கள் நர்ஸ் கேட்டது அந்தத் துறையின் மையக் கேள்வி. 1989இல் பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், ஒரு மென்பொருளை ஏன் சிலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை என்று அளந்து பார்த்தார். 'இது எனக்குப் பயன்படும்' என்ற எண்ணத்துக்கும் உண்மையான பயன்பாட்டுக்கும் இருந்த தொடர்பு, 'இது எளிது' என்ற எண்ணத்துக்கு இருந்ததைவிட வலுவாக இருந்தது. (அதைப் பின்பற்றி வந்த கேள்வித்தாள் ஆய்வுகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்தே போனது, அது வேறு கதை.)

ஒரே பெயருள்ள பாடத்தை நம்பாதீர்கள். நான் முதுகலையில் படித்த 'தரவுத்தளம்' என்பது தேவைகளைக் கேட்டறிவது, ஈஆர் வரைபடம் (எந்தத் தரவு எதோடு தொடர்பு என்று வரைவது), நார்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடத்தில் வராமல் டேபிள்களைப் பிரிப்பது), எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி). பிறகு கணினி அறிவியலில் அதே பெயரில் படித்தபோது இன்டெக்ஸுக்கு அடியில் இருக்கும் பி-பிளஸ் மரம் என்ற அமைப்பை நாமே எழுத வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பரிவர்த்தனையை எப்படி மீட்பது, தேடும் வழியைத் தீர்மானிக்கும் க்வெரி ஆப்டிமைசர் எதை வைத்து இன்டெக்ஸை ஒதுக்குகிறது, இவைதான் வகுப்பு. இரண்டுக்கும் அடியில் இருப்பது எட்கர் காட் என்பவர் 1970இல் எழுதிய ரிலேஷனல் மாடல்தான், அதாவது தரவை டேபிள்களாகப் பார்க்கும் முறை. வாராந்தர வீட்டுப்பாடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பாடத்தலைப்பு ஒன்றும் சொல்லாது.

நிரூபணம் எழுதியதில்லை என்றால் அல்காரிதம் தியரியை முதல் செமஸ்டரில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ஒரு கணக்கு என்பி-கடினம் (வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை) என்று காட்ட, ஏற்கெனவே கடினம் என்று தெரிந்ததை நம் கணக்காக மாற்ற வேண்டும். நான் என் கணக்கை அதுவாக மாற்றி, மூன்று பக்கம் எழுதி, பூஜ்யம் வாங்கினேன். என் பெயர்க்காரணம் அதுதான்.

பதில்: நள்ளிரவு_கெடு

முந்தையவர் விட்டது ஒன்று. ஆய்வேடு எழுதப் போகிறீர்களா, பாடம் மட்டுமா? ஆய்வேடு என்றால் துறையைவிட கைடுதான் முக்கியம். கணினி அறிவியலில் பெரும்பாலும் மாநாட்டில் வெளியிடுவார்கள், கெடு தேதிக்கு முந்தைய வாரம் யாரும் தூங்க மாட்டார்கள். தகவல் அமைப்பியலில் இதழ்களுக்கே மதிப்பு, மதிப்பீடு சுற்றுக்குமேல் சுற்றாக வருடக்கணக்கில் இழுக்கும். கைடின் மாணவர்கள் கடைசியாக எழுதிய இரண்டு ஆய்வேடுகளைப் படியுங்கள். பத்துப் பக்கத்தில் கொட்டாவி வந்தால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

வார்டு_எண்_7

இருவருக்கும் நன்றி. இரண்டு இடத்திலும் வீட்டுப்பாடம் கேட்டு வாங்கினேன். தகவல் அமைப்பியலில் வந்தது ஒரு நேர்காணல் பயிற்சி. நாலு கேள்வியிலேயே நர்ஸைக் கேட்டிருக்க வேண்டியதெல்லாம் இருந்தது, வெட்கமாகிவிட்டது. கணினி அறிவியல் தாளில் பி-பிளஸ் மரத்தில் ஒரு நீக்கம். ஞாயிறு காலை உட்கார்ந்தவள், மரம் சரியாக ஒட்டியபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, பசியே தெரியவில்லை. கணினி அறிவியலுக்குத்தான் விண்ணப்பிக்கிறேன். அல்காரிதம் தியரி இரண்டாவது செமஸ்டரில்.