மறு: ‘ஃபிரெஷ் வூடி’ சென்ட்டுக்குத் தமிழ்: ‘குளிர்காழ்’ என்கிறேன்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ‘ஃபிரெஷ் வூடி’ (fresh woody) என்ற சென்ட் வகைக்கு நமது அகராதியில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இழை முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் வருகிறேன்.

> ‘புத்துணர்ச்சி தரும் மர வாசனை’ என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணன். ஆனால் புத்துணர்ச்சி, பூசியவருக்கு வருகிற உணர்வு. போத்தலுக்குள் இருக்கும் மணத்தின் குணத்துக்கல்லவா நாம் பெயர் தேடுகிறோம்? ஒருவருக்குப் புத்துணர்ச்சி தருவது இன்னொருவருக்குத் தலையிடி தரலாம். விளம்பரத்துக்கு அது சரி, அகராதிக்கு ஏலாது.

குணம் என்ன என்பதைக் கையில் பூசிப் பார்த்தே சொல்லலாம். காத்தான்குடி அத்தர் கடைகளில் கண்ணாடிக் குச்சியைப் போத்தலில் தோய்த்துப் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, “கொஞ்சம் பொறுத்து மணந்து பாருங்க” என்பார்கள். இந்த வகைச் சென்ட்டையும் அப்படிப் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும். முதலில் தேசிக்காய்த் தோலைக் கீறினால் மூக்கில் ஏறுமே, அந்தக் கூர்மை. பெர்கமோட் என்ற தேசிக்காய் இனப் பழம், தோடம்பழத் தோல் எல்லாம் அந்தக் கூட்டம். எங்கள் வெக்கைக்கு அது கால் மணித்தியாலம் நின்றாலே பெரிய காரியம். அது ஆறியபின் பென்சில் சீவிய தூளின் உலர்ந்த வாசம் மேலே வரும். பென்சிலுக்குக் காலங்காலமாகப் பயன்பட்டது செடார் மரம், இந்தச் சென்ட்டுகளின் அடியில் இருப்பதும் பெரும்பாலும் செடார்தான். கூடவே வெட்டிவேரின் மண்வாசம்.

இன்னொருவர் ‘ஃபிரெஷ்’ என்ற முதல் பகுதிக்குப் ‘புளிமணம்’ என்றார். பழத்தோல் மட்டும் என்றால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் 1982இல் வந்த டிராக்கார் நுவார், 1988இல் வந்த கூல் வாட்டர் ஆகிய சென்ட்டுகளில் அந்தச் சில்லென்ற தன்மையைத் தூக்கிப் பிடித்தது டைஹைட்ரோமைர்சினால் என்ற செயற்கைச் சேர்மம். சலவைத்தூளிலும் அதே பொருள் இருப்பதால்தான் தோய்த்துக் காய்ந்த சட்டையின் நினைவு வருகிறது. புளிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

‘பசுங்காழ்’ (காழ் என்றால் மரத்தின் வைரம், அதாவது கெட்டியான உட்பகுதி) என்று எழுதிய தங்கச்சியின் சொல் காதுக்கு இனிமையானது, இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் விடவேண்டியிருக்கிறது. வெட்டிய புல், கசக்கிய இலை ஆகியவற்றின் வாசம் நறுமணத் தொழிலில் தனி வகை. ‘பசுமணம்’ என்பதை அதற்கு வைத்துக்கொள்ளாவிட்டால் பிறகு சொல் இல்லாமல் நிற்போம். எனவே முன்பாதிக்குக் ‘குளிர்’. புதினாவோடு குழம்பும் என்றால், குழம்பட்டும். இந்த வகையில் புதினாவும் அடிக்கடி சேருகிறதுதானே.

பின்பாதிக்கு ஏன் ‘மரம்’ போதாது? சந்தனத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் சீவி மணந்து பாருங்கள், ஒன்றுமே இராது. மணமெல்லாம் உள்ளே வைரத்தில். அகிலும் அப்படித்தான்: காயம்பட்டுப் பூஞ்சை பிடித்த மரத்தின் வைரத்தில் ஊறுகிற பிசினே ‘ஊது’ (oud) என்ற நறுமணப் பொருள். தச்சர்கள் சொல்லும் ‘வைரம்’ மிகப் பொருத்தமான சொல், ஆனால் ‘வைர மணம்’ என்றால் எல்லாருக்கும் கல்தான் ஞாபகம் வரும். அதற்குப் பழைய பெயர் காழ். தொல்காப்பிய மரபியல், அகக்காழ் உள்ளதை மரம் என்றும் புறக்காழ் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. வெட்டிவேர் புல் இனம். ‘மர மணம்’ என்றால் அது வெளியே நின்றுவிடும், ‘காழ்’ என்றால் இரண்டுக்கும் இடமுண்டு. வெட்டிவேரில் மணப்பது வேராயிற்றே என்று தாவரவியல் படித்தவர்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. இருந்தும் ‘மரம்’ என்பதைவிட இது கிட்ட வருகிறது. காழ்ப்புணர்ச்சி நினைவுக்கு வருகிறது என்றவருக்கு: ‘குளிர்காழ்’ என்று சேர்த்து ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், அந்த எண்ணம் வராது.

‘ஆண்கள்’ என்ற அடைமொழி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது போத்தலை விற்கிறவர் ஒட்டுவது. சந்தன அத்தரை ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் பூசுகிறார்கள்.

அப்புறம், பூசியபின் மணம் மாறிவரும் படிகளுக்கு (ஆங்கிலத்தில் ‘நோட்’) ‘சுரம்’ என்ற முன்மொழிவு. பழந்தமிழ் இசை பற்றி ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு எங்கள் பக்கம்தான், சுரம் என்ற சொல்லில் எனக்கும் பிரியம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீஸ் என்ற ஆங்கிலேயர் மணங்களை இசைச் சுரங்களோடு வரிசைப்படுத்தி எழுதியதும் உண்மை. ஆனால் இங்கே நடப்பது ஆவியாதல். இலேசான மூலக்கூறு முதலில் போகும், பாரமானது தோலில் தங்கும். ‘முன்மணம், நடுமணம், அடிமணம்’ என்றால் அந்த ஒழுங்கு சொல்லிலேயே தெரியும்.

அகராதிக்கு நான் தரும் பதிவு:

குளிர்காழ் (பெ.): முன்மணத்தில் பழத்தோல் அல்லது கடற்காற்றுக் கூர்மையும், அடிமணத்தில் செடார், வெட்டிவேர், சந்தனம் போன்றவற்றின் உலர்ந்த வாசமும் கொண்ட நறுமண வகை.

காத்தான்குடி நண்பரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அத்தர் கடைக்காரர்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லி, போத்தல் லேபலில் போடுவார்களா என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் அதையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து