ரங்கூன் உண்மையிலேயே எல்லாருடைய ஊராகவும் இருந்ததா?

செட்டிநாட்டான்:
ரங்கூன் (இன்றைய யாங்கூன்) என்றாலே நம் ஆட்களுக்குப் பர்மா தேக்கும் அத்தோ நூடுல்ஸும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று யாரும் பேசுவதில்லை. 1931 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 4 லட்சம் பேர் இருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஊர் நடுவே இருக்கிற சூலே பகோடா என்ற புத்தக் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்துக்குள் பள்ளிவாசல், யூதர் ஜெபக்கூடம், ஆர்மீனியர் தேவாலயம், 1871இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் எல்லாம் இருக்கின்றன. 1901இல் ஸ்ட்ராண்ட் ஹோட்டலைத் திறந்தவர்கள் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா அடங்கியதும் அந்த மண்ணில்தான். வெ. சாமிநாத சர்மா அங்கிருந்து 'ஜோதி' என்று ஒரு தமிழ் மாத இதழையே நடத்தியிருக்கிறார்.

என் கொள்ளுத்தாத்தா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனது அங்கேதான். முகல் தெருக் கிட்டங்கியில் (நகரத்தார் கடன்தொழில் நடத்திய இடம்) பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, பிறகு தொழிலை நடத்தும் மேலாள் ஆனவர். சம்பளச் சீட்டு (வேலை ஒப்பந்தம்) முடிந்து ஊருக்கு வந்தாலும் ரங்கூன் பேச்சுதானாம்.

இத்தனையையும் 1962இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நே வின் இழுத்து மூடினார். வங்கி, மில், கடை எல்லாம் அரசுடைமை. ஒரே தலைமுறையில் ஊர் பாசி பிடித்துப்போனது. அது தானாக நொடித்துப்போகவில்லை, கொன்றார்கள்.

கரையோரம்:
பட்டியல் நன்றாக இருக்கிறது சார். ரங்கூனில் இருந்த வெள்ளைக்காரர்களின் பெகு கிளப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? பர்மியரோ இந்தியரோ உறுப்பினராக முடியாத இடம் அது.

நீங்கள் சொன்ன அதே 1931 கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இந்தியர் பாதிக்கு மேல் என்றால் பர்மியர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சொந்த நாட்டின் தலைநகரில் சிறுபான்மையாகிப்போனவனிடம் 'எவ்வளவு அழகான கலவை' என்று சொல்ல முடியுமா?

அங்கே போன இந்தியர்களில் எல்லாரும் மேலாள் ஆகவில்லை. பெரும்பகுதி தெலுங்கு, தமிழ், ஒடியாக் கூலிகள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அந்தக் கடனைக் கழிக்கவே மூட்டை தூக்கியவர்கள். லாட்ஜிங் ஹவுஸ் அறைகளில் அடைந்து கிடந்தார்கள். 1930 மே மாதம் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ததும், கம்பெனிகள் பர்மியரை வேலைக்கு இறக்கின. சமரசம் ஆனதும் அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். நே வின் வருவதற்கு 32 வருடம் இருக்கும்போது நடந்தது இது.

பர்மாவில் அதிகாரியாக இருந்த ஃபர்னிவால் என்ற ஆங்கிலேயரே எழுதிவைத்திருக்கிறார், அங்கே பல இனத்தார் சந்தித்துக்கொண்டது சந்தையில் மட்டும்தான் என்று.

செட்டிநாட்டான்:
கலவரம் நடக்காத பெரிய ஊர் எது நண்பரே? பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கவில்லையா? அதற்காக அந்த ஊர்களை யாரும் பொய் என்று சொல்வதில்லையே. 1930இல் மூட்டிவிட்டது கப்பல் சரக்குக் கம்பெனிகள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த ஜனங்கள் மேல் அதை ஏன் சுமத்துகிறீர்கள்?

கரையோரம்:
கம்பெனி மட்டுமா? கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் உங்கள் நகரத்தார் (செட்டியார்கள்) கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938க்குள் அது 25 சதவீதம். நாலில் ஒரு பங்கு வயல், கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற முதலாளிகளுக்கு. நிலத்தை இழந்த விவசாயி உங்கள் கிட்டங்கியை எப்படிப் பார்த்திருப்பான்?

செட்டிநாட்டான்:
இந்தக் கணக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த எட்டு வருடத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உலக மந்தத்தில் நெல் விலை பாதியாகச் சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம்தான் திரும்பியது. லேவாதேவிக்காரனுக்கு வேண்டியது ரொக்கம். வயலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், உழவா போகிறான்? ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயியைத் திண்ணையில்கூட உட்காரவைக்காத காலத்தில் அவனுக்குக் கடன் கொடுத்தது எங்கள் ஆட்கள். ஐராவதி டெல்டா காடு வயலானது அந்தப் பணத்தில்தான். கடைசியில் 1948 நிலச் சட்டத்தில் எல்லாம் போயிற்று.

கரையோரம்:
கடன் கொடுத்தார்கள், சரி. வட்டி வாங்கிக்கொண்டுதானே கொடுத்தார்கள்?

சரக்குக்கப்பல்:
துறைமுக வேலையில் இருப்பவன் என்பதால் ஒரு வார்த்தை. நீங்கள் இருவரும் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். ரங்கூன் துறைமுகம் நின்றது அரிசியில். போருக்கு முன் பர்மா ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவுக்கு அரிசி ஏற்றுமதி செய்தது, உலகிலேயே முதலிடம். தேக்கும் எண்ணெயும் அதற்கு அடுத்துதான்.

முதல் அடி 1941 டிசம்பர் 23, ஜப்பானியக் குண்டுவீச்சு. துறைமுகக் கூலிகள் ஓடிப்போனார்கள், சரக்கு இறக்க ஆளில்லை. 1942 மார்ச்சில் வெளியேறும்போது பிரிட்டிஷார் ரங்கூன் பக்கத்துச் சிரியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாங்களே தகர்த்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். கலவை ஊர் என்று நீங்கள் சொல்வது அந்த வருடமே பாதி காலி.

நே வினின் பங்கு அதற்கப்புறம். அரசே குறைந்த விலைக்கு நெல்லைக் கொள்முதல் செய்ததால் விளைவிக்கிறவனுக்கு ஆர்வம் போனது. 1970களில் ஏற்றுமதி சில லட்சம் டன்னுக்கு இறங்கிவிட்டது. ஏற்ற ஒன்றும் இல்லாத துறைக்குக் கப்பல் ஏன் வரும்?

இன்னொன்று. அது ஆற்றுத் துறைமுகம், கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே. வண்டல் தொல்லை எப்போதும் உண்டு. பெரிய கொள்கலன் கப்பல்கள் வந்த பிறகு எந்த ஆட்சி இருந்திருந்தாலும் வேலை கீழே நகர்ந்திருக்கும். கல்கத்தாவுக்குக் கீழே ஹல்தியா துறைமுகம் என்றால் இங்கே திலாவா துறைமுகம்.

புதுவாசகி:
இதைப் படிக்கும்போது அலெக்சாண்ட்ரியா ஞாபகம் வருகிறது. கிரேக்கர், இத்தாலியர், யூதர் எல்லாரும் இருந்த ஊர். 1956 சூயஸ் போருக்குப் பிறகும் 1961 அரசுடைமைக்குப் பிறகும் காலியானது. அங்கேயும் ஏங்குவது போனவர்கள்தான். எகிப்தியர்கள் அவ்வளவாக ஏங்குவதில்லை என்று படித்திருக்கிறேன். அந்த யூதர் ஜெபக்கூடம் இன்னும் இருக்கிறதா?

செட்டிநாட்டான்:
இருக்கிறது. கட்டடம் 1890களில் கட்டியது, பளபளப்பாகவே இருக்கிறது. வழிபட மிஞ்சியிருப்பது ஒரு சில குடும்பங்கள்.

வியாசர்பாடியான்:
அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். நீங்கள் சொல்வதில் எங்கள் வீடு எங்கேயும் இல்லை. எங்களுக்கு ரங்கூனில் நிலமும் கிடையாது, கிளப் வாசலில் நின்று திரும்பி வந்ததும் கிடையாது. எங்கள் ஆயா (பாட்டி) இட்லி சுட்டு விற்றார். போருக்குப் பிறகு திரும்பிப்போன குடும்பம் அது, ஏனென்றால் ராமநாதபுரம் பக்கம் அப்போது மழையும் இல்லை, வேலையும் இல்லை.

1964 மே 17 அன்று பர்மியப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெரிய முதலாளிகள் அதற்கு முன்பே பணத்தை எப்படியோ நகர்த்தியிருப்பார்கள். அரிசிப் பானையில் சேமித்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் கப்பல், மெட்ராஸ், அகதி முகாம், வியாசர்பாடி. அந்த வருடங்களில் இந்தியா வந்தவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். இங்கே பிழைக்க முடியாமல் மறுபடியும் பர்மாவுக்கே நடந்துபோய்விடலாம் என்று மணிப்பூர் எல்லைவரை போனவர்களும் உண்டு. உள்ளே விடவில்லை. எல்லை ஊரான மோரேயில் அப்படியே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

கரையோரம் அண்ணே, அந்த ஃபர்னிவால் சந்தையைப் பார்த்தார், சந்துக்குள் வந்து பார்த்தாரா? ஜெர்பாதி என்று ஒரு பிரிவே உண்டு. அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மியர் என்று ஆரம்பித்த குடும்பங்கள். 1931 கணக்கில் அவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். சந்தையில் மட்டும் சந்தித்திருந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? ஆயாவுக்குக் கடைசிவரை கோபம் வந்தால் பர்மியத்தில்தான் திட்டு வரும்.

கரையோரம்:
தம்பி, நியாயமான கேள்வி. ஆனால் இந்திய முஸ்லிம்களுக்கு எதிரான 1938 கலவரத்தின் கோஷங்களில் ஒன்று அந்தத் திருமணங்களுக்கு எதிரானது. கலப்பு நடந்தது, அதுவே குற்றமாகவும் பேசப்பட்டது. அடித்தட்டில் இருந்த உறவைக் காட்டி மேலே இருந்த ஏற்பாட்டுக்கு நற்சான்று தர முடியாது.

செட்டிநாட்டான்:
நற்சான்று யாரும் கேட்கவில்லை. ஏற்பாடு ஏகாதிபத்தியத்தினுடையது, யார் மறுத்தார்கள்? ஆனால் வெள்ளைக்காரன் 1948இல் போய்விட்டான். அதற்கப்புறமும் 14 வருடம் அந்த ஊரில் எல்லாரும் இருந்தார்கள், பத்திரிகை வந்தது, பல்கலைக்கழகம் நடந்தது. அந்த 14 வருடத்தை உங்கள் கணக்கு எதுவும் விளக்கவில்லை. திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்த ஊரை ராணுவம் பூட்டியது என்பதுதான் என் வாதம்.

சரக்குக்கப்பல்:
அந்த 14 வருடத்திலும் அரிசி ஏற்றுமதி போருக்கு முந்தைய அளவைத் தொடவே இல்லை.

வியாசர்பாடியான்:
நீங்கள் எல்லாரும் இறந்தகாலத்திலேயே பேசுகிறீர்கள். 2014 கணக்கெடுப்பில் அந்த ஊரில் 50 லட்சம் பேருக்கு மேல். 2012இலிருந்து பழைய கட்டடங்களைக் காக்க யாங்கூன் பாரம்பரிய அறக்கட்டளை வேலை செய்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் கிளம்பாமல் தங்கிவிட்ட தமிழர்களும் அங்கே இருக்கிறார்கள். 1982 குடியுரிமைச் சட்டப்படி 1823க்கு முன்பே அங்கே வேரூன்றிய இனங்களுக்குத்தான் முழு உரிமை. ஆயாவின் அக்கா பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான், ஆனால் அவர்களிடம் இருப்பது வேறு வகைக் குடியுரிமை அட்டை. ஸ்ட்ராண்ட் ஹோட்டலுக்காக ஏங்குகிறவர்கள் அந்த அட்டையைப் பற்றியும் நாலு வரி எழுதலாமே.

செட்டிநாட்டான்:
எழுதலாம் தம்பி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே நே வின்தான் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.