'திறந்த பசு' வேண்டாம், 'கற்றா' ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நாலைந்து சினைமாடுகளை வாங்கி, இறைச்சிக்கான சிறு மந்தையைத் தொடங்குகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இது யாருக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே 13 வயது கடந்த எருமையைத் தவிர வேறு மாட்டை அறுக்க முடியாது என்பது தெரிந்ததுதான். அங்கே என்ன செய்கிறார்கள் என்று படிக்கவாவது தமிழில் சொல் வேண்டாமா?

முதலில் எளிதானது. கையேட்டில் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவர் தந்திருக்கும் தமிழ் இது:

> 'பிரெட் கவ்' = இனவிருத்தி செய்யப்பட்ட பசு

இதை ஏற்க மாட்டேன். சினைமாடு என்று ஊரே சொல்கிறது. அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் கிருஷ்ணகிரிப் பெரியவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு மாட்டின் வலப்பக்க அடிவயிற்றில் மூடிய கையை வைத்து அழுத்தி எடுத்தார். உள்ளே கன்று விலகிப்போய்த் திரும்பி வந்து கையில் மோதியது. இடப்பக்கம் தீவனப்பை அடைத்துக்கொண்டிருப்பதால் வலப்பக்கம்தான் பார்க்க வேண்டுமாம். ஏழு மாதச் சினை, இரண்டாம் ஈற்று என்றார். ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய 283 நாள் சுமக்கும் உயிருக்கு இத்தனை சொல் கைவசம் இருக்கும்போது 'இனவிருத்தி செய்யப்பட்ட' எதற்கு? முதல் சினையாக இருந்தால் சினைக் கிடேரி. கன்னடத்தில்கூடச் சினைக்குக் 'கப்ப' என்று ஒரே சொல்தான்.

'ஓப்பன் கவ்' என்பதற்கு இணையத்தில் 'திறந்த பசு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், வாசலா அது? இன்னொருவர் 'மலட்டுப் பசு' என்கிறார். அது பெரிய தவறு. பரிசோதனையன்று சினை இல்லை என்பது மட்டுமே இதன் பொருள். அடுத்த பருவத்தில் பிடிக்கலாம். மலடு என்று எழுதினால் அந்த மாட்டை நாமே விற்றுவிட்டதாகிவிடும். 'சினை நிற்கவில்லை' என்பது நம் வழக்கு. கையேட்டின் கலைச்சொல் பட்டியலுக்குச் 'சினையிலி' என்று வைக்கலாம்.

இனிதான் சிக்கல். கன்றை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் மாட்டை அங்கே 'கவ்-காஃப் பேர்' என்று ஒரே உருப்படியாக விற்கிறார்கள். இதற்குக் 'கறவை' பொருந்தாது. இந்த மாட்டை யாரும் கறப்பதில்லை. பால் முழுவதும் கன்றுக்கு. ஆறு முதல் எட்டு மாதத்தில் பால்குடி மறந்த கன்றை விற்பதுதான் வருமானம். நம் சொற்களோ செம்பை வைத்துக்கொண்டு மாட்டைப் பார்த்தவை: கறவை, பால்மாடு, பால் வற்றியது.

'கற்றுக் கறவைக் கணங்கள் பல கறந்து' என்கிறாள் ஆண்டாள். கற்று என்றால் கன்று. இந்தத் தொடரில் கறவையை எடுத்துவிட்டால் நமக்கு வேண்டியது மிஞ்சுகிறது. மாணிக்கவாசகர் அதையும் செய்துவிட்டார்: 'கற்றாவின் மனம்போலக் கசிந்துருக வேண்டுவனே.' கற்றா, கன்றை உடைய ஆ. என் முன்மொழிவு அதுதான். இந்தத் தொழிலையே 'கற்றாப் பண்ணை' எனலாம்.

மறுமொழி:

ஐயா, சினையிலி நன்று. கற்றாவைக் கேட்டு என் மனைவி, எந்த ஊரில் கற்றாழை பயிரிடுகிறார்கள் என்கிறார். சந்தைத் தரகர்கள் 'கன்றும் மாடுமாக என்ன விலை' என்றுதான் பேசுவார்கள். 'கன்றும் மாடும்' என்றே வைத்துவிட்டால் என்ன? நாற்பது ஆண்டு கால்நடை மருத்துவம் பார்த்தவன். நான் ஒருமுறைகூடக் கற்றாவுக்கு ஊசி போட்டதில்லை.

அதற்கு மறுமொழி:

ஐயா, கற்றாழைக்கு என்னிடம் பதில் இல்லை. கையேட்டின் வாக்கியங்களில் 'கன்றும் மாடும்' என்றே எழுதிவிடுகிறேன். என் பெரியவருக்கும் அதுதான் புரியும்.

ஆனால் கையேட்டில் மூன்றாம் வகை ஒன்று வருகிறது. கன்று காலடியில் நிற்கும்போதே மாடு மறுபடி சினை. நம் வீடுகளில் இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்பார்களே, அது. வாங்குகிறவர் ஒரு விலைக்கு மூன்று உயிர் பெறுகிறார் என்பதால் 'த்ரீ-இன்-ஒன்' என்று விளம்பரம் செய்கிறார்கள். உங்கள் தொடரோடு சினையைச் சேர்த்தால் 'சினைக் கன்றும் மாடும்' ஆகிவிடும். பாவம், கன்று சினையாகிவிடுகிறது. 'சினைக்கற்றா' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஆகவே கலைச்சொல் பட்டியலில் கற்றா இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு.

வெள்ளிக்கிழமை பிரதியைக் கொடுக்க வேண்டும். அதற்குள் கற்றாழையை நினைவூட்டாத சொல் யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.