எம்.ஏ. பொருளியல்: பேராசிரியர்களின் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துச் சேரலாமா?

கேள்வி: விழுப்புரம்_மாணவி
பி.ஏ. பொருளியல் கடைசி வருஷம். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. மூன்று கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். ஒரு இடத்தில் துறைத்தலைவர் பெயருக்குக் கீழே நாற்பது கட்டுரை இருக்கு, இன்னொரு இடத்தில் ஏழுதான். நாற்பது இருக்கிற இடம்தான் நல்லதா? எனக்கு நிலம், கூலி பற்றிப் படிக்க ஆசை. அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர்.

பதில்: கல்வி_நண்பன்
கட்டணம், விடுதி ரெண்டையும் முதலில் பாருங்க. பின்னால் கல்லூரி ஆசிரியர் ஆக உதவும் நெட் தகுதித் தேர்வு எழுத முதுகலையில் 55 விழுக்காடு வேணும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50.

பதில்: களப்பணி_அக்கா
தங்கச்சி, எண்ணிக்கையை விடு. அந்த ஏழு கட்டுரையைத் திறந்து, அவர் எந்த ஊருக்குப் போனார், திரும்பவும் போனாரான்னு பார்.

உன் மாவட்டத்திலேயே இருவேல்பட்டு இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர் 1916-ல் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அதில் இருவேல்பட்டும் ஒன்று. 1918-ல் அது நூலாக வந்தது. 1936-ஐ ஒட்டித் திரும்பவும் அங்கே போனாங்க. எண்பதுகளில் பொருளியலாளர் குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்சரும் அந்த ஊரைப் பற்றி எழுதினாங்க. 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ்னு மூணு ஆய்வாளர்கள் போனாங்க. ஒரே ஊரை 92 வருஷமா ஆள் மாறி ஆள் பார்த்ததால்தான், பெருநிலக்காரர் பிடி எப்படித் தளர்ந்தது, கூலிக்காரர்கள் எப்படி வெளிவேலைக்குப் போனாங்கன்னு சொல்ல முடிஞ்சது. குகன் இருந்த அடையாறு எம்.ஐ.டி.எஸ். (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்), 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கியது. பின்னால் முனைவர் ஆய்வுக்கு அதையும் மனசில் வை.

என் வழிகாட்டிக்கும் கட்டுரை குறைவுதான். முதல் கணக்கெடுப்பில் நான் நடவுப் பெண்களிடம் வயல்காரர் நிற்கும்போதே கூலி கேட்டேன். எல்லாரும் ஒரே தொகை சொன்னாங்க. தாளைப் பார்த்த மேடம், "சாயந்திரம் தண்ணிக் குழாய்கிட்ட போய்க் கேளு"ன்னு அனுப்பினாங்க. சொன்ன தொகை குறைஞ்சது. ஒருத்தி, அன்னைக்குக் காசே வரலைன்னு அழுதா. அந்த வருஷம் நான் கத்துக்கிட்டதில் பெரியது அதுதான். ஒரு கல்லூரியில் சேருமுன் அங்கே படிக்கிற பிள்ளைங்ககிட்ட கேள்: களத்துக்கு எத்தனை நாள் அனுப்புறாங்க, எழுதிக் கொண்டுபோன தாளை ஆசிரியர் உட்கார்ந்து படிக்கிறாரா?

விழுப்புரம்_மாணவி
ரொம்ப நன்றி அக்கா. இருவேல்பட்டு வழியா எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கேன், தெரியாது. நேத்து ராத்திரி அப்பாகிட்ட வெட்டுக்கூலி எப்படின்னு கேட்டேன். டன்னுக்குப் பேசி, ஆள் கணக்கில் பிரிப்பாங்களாம். முன்பணத்தை அதில் கழிப்பாங்களாம். இதுவரை நான் கேட்டதே இல்லை.

களப்பணி_அக்கா
அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. முன்பணம் யார் கொடுத்தது, எந்த மாசத்தில்னு அடுத்து கேள்.