லேனியர் ஏரிக்கரையில் டென்ட் போட்டவர்களே, உங்கள் அனுபவம்?

கரையோரக் கரண்டி:
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு லேனியர் ஏரி கூப்பிடு தூரம். வெயில் ஏறினால் போதும், யாராவது ஒரு வீட்டார் டென்ட் பேச்சை எடுத்துவிடுவார்கள். எந்த முகாம் நல்லது என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். எனக்கு அது வேண்டாம். அங்கே யாரிடம், எதனிடம் மாட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.

முதலில் என் கதை. ஏரியைப் பராமரிக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நடத்தும் முகாம்களில் ஒன்று. சரளை பரப்பிய மேடை, தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு. கரண்ட் இருக்கிறதே என்று இன்டக்‌ஷன் அடுப்பில் சாம்பாரே வைத்தோம். மிச்சத்தை ஐஸ் பெட்டியில் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தாயிற்று. நடுராத்திரியில் டப்பா உருளும் சத்தம். டார்ச் அடித்தால் ஒரு ரக்கூனும் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள, பூனையைவிடப் பெரிய காட்டு விலங்கு) குட்டிகளும். தாய் பின்னங்காலில் உட்கார்ந்து, முன்கை விரல்களால் பெட்டியின் கொக்கியைத் தடவித் தடவிப் பார்த்து, மேலே நெம்பித் திறந்துவிட்டது. வெளிச்சம் முகத்தில் அடித்தும் அசையவில்லை. தயிர்சாதம் குட்டிகளுக்குப் போயிற்று. எலுமிச்சை ஊறுகாயை மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டன. பக்கத்து ஆர்வியிலிருந்து (தங்கும் வசதியுள்ள வண்டி) எட்டிப் பார்த்தவர், “பெட்டியைக் காருக்குள் வையுங்கள், இவர்கள் தினம் வருகிறவர்கள்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

தக்கை:
ரக்கூன் பரவாயில்லை அண்ணா. அணைக்குக் கீழே சட்டஹூச்சி ஆற்றில் இறங்கிப் பாருங்கள். டிரவுட் மீனுக்காக நான் அடிக்கடி போகிற இடம் அது. பியூஃபர்ட் அணை ஏரியின் அடித்தண்ணீரை விடுகிறது. ஜூலை வெயிலிலும் 50 டிகிரி ஃபாரன்ஹீட் (10 டிகிரி செல்சியஸ்) அளவில்தான் இருக்கும். முழங்கால் வரை இறங்கினாலே கால் மரத்துவிடும். மேலே அனல், தண்ணீர் மேல் பனிமூட்டம். டிரவுட் அங்கே பிழைப்பதே அந்தக் குளிரால்தான்.

ஒரு வாரநாள் பிற்பகல். எங்கள் ஊர் மில் சங்கு மாதிரி நீளமாக ஒன்று ஊதியது. மின்சாரம் எடுக்க டர்பைன் வழியே தண்ணீர் விடப்போகிறார்கள் என்று அர்த்தம். நடு ஆற்றில் நின்ற கிழவர் ஒருவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டே கரையேறினார். நானும் ஏறிவிட்டேன். சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் பாறை மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியதும் அந்த அண்ணன் செல்போனை அணைப் பக்கம் திருப்பி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். அக்கா “அங்க என்னங்க சத்தம்?” என்று கேட்டது காதில் விழ, நான் தமிழிலேயே கத்தினேன்: “அண்ணே, பிள்ளையத் தூக்கிட்டு மேல ஏறுங்க, தண்ணி வருது!” ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற பாறையைக் காணோம். பழுப்பு நுரையும் அதில் சுழலும் சுள்ளியும்தான்.

அணையிலிருந்து ஹைவே 20 பாலம் வரை தண்ணீரில் இறங்குகிற எவரும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்க வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம். கையில் வைத்திருந்தால் போதாது. நம் ஆட்களில் பாதிப் பேர் அதைக் குழந்தைச் சாமான் என்று நினைக்கிறார்கள், கோபமாக வருகிறது.

நெல்லிக்காய்:
தக்கை தம்பி சொல்வது சரி. மேலே ஏரிக்குள்ளும் அசட்டையாக இருக்க முடியாது. என் மகளும் தோழிகளும் தீ மூட்டி உட்கார்ந்து, ஏரிக்குள் பேய் காலைப் பிடித்து இழுக்கும் என்று ஒருத்தியை ஒருத்தி மிரட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்று சொல்ல வந்த முகாம் பொறுப்பாளர் தாத்தாவும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். “பேய் இல்லை கண்ணுகளா, மரம்” என்றார். 1950களில் ஏரியை நிரப்பியபோது ஆழமான இடங்களில் மரங்களை வெட்டாமலே விட்டுவிட்டார்களாம். 2007 வறட்சியில் நீர்மட்டம் 20 அடி இறங்கி, பழைய கார் பந்தய மைதானத்தின் கான்கிரீட் படிக்கட்டு வெளியே வந்ததையும் அவர் பார்த்திருக்கிறார்.

அவர் போனபிறகு ஆஸ்கர்வில் பற்றி நான் சொன்னேன். 1912-இல் ஃபோர்சைத் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடித்து விரட்டினார்கள். அவர்கள் வாழ்ந்த ஊர்களில் ஒன்று ஆஸ்கர்வில். அந்தப் பக்க நிலத்தில் ஒரு பகுதி பிற்பாடு இந்த ஏரிக்குள் போனது. நாம் வீடு வாங்கியிருப்பதும் அதே கவுன்டியில்தான். பிள்ளைகள் அதற்கப்புறம் பேய்க்கதை சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரிந்தது பாதிக்குத்தான்.

மப்பு வானம்:
புறப்படும் முன் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். கோடையில் நிறைமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1071 அடி. நாலைந்து அடி குறைந்தாலே ஒடுக்கமான வளைவுகளில் கரை செஞ்சேறாகிவிடும், படகு இறக்குவது பாடு. அட்லாண்டா குடிக்கும் தண்ணீர் இது. கீழே இருக்கும் அலபாமாவும் ஃப்ளோரிடாவும் பங்கு கேட்டுப் பல வருடம் வழக்காடின. ஃப்ளோரிடாவின் வழக்கை 2021-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. காவிரிச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் பொறியாளர் படை முகாம்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். அப்போது வடக்கே டான் கார்ட்டர் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். ஸ்பீடு படகுகள் இல்லாத ஏரியை அப்போதுதான் பார்க்க முடியும். வடக்கேயிருந்து வந்து தங்கும் லூன் என்ற முக்குளிக்கும் நீர்ப்பறவைகளும் கண்ணில் படும். கம்பளி இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையோரக் கரண்டி:
தக்கை, அந்தக் குடும்பம் இதைப் படித்தால் பதில் போடச் சொல்லுங்கள். வீடியோ மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.