அம்மாவின் பிரஷர் குளிசையும் கொழும்பில் கதவு தட்டுகிறவர்களும்

உப்புவெளிக்காரன்:
அம்மாவுக்கு மாதாமாதம் பிரஷர் குளிசை. போன முறை கிளினிக்கில் இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். துண்டில் மருந்தின் பெயர் இல்லை, கம்பனி வைத்த பெயர். அதே மருந்து வேறு கம்பனியில் பாதி விலைக்கும் குறைவு. ஆனால் பாமசியில், "டொக்டர் எழுதினதைத்தான் தரலாம்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

இது அந்த டொக்டரோடு முடிகிற கதை இல்லை. 1971இல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவர் டொக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தேவையான மருந்தை மட்டும் மொத்தமாக வாங்கு, பொதுப்பெயரில், அதாவது மருந்தின் சொந்தப் பெயரில், எழுது. அவ்வளவுதான் யோசனை. 1974இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் இறக்கிய மூலப்பொருளில் அதற்கான டெட்ராசைக்கிளின் மருந்தைச் செய்து தர அமெரிக்கக் கம்பனியான பைசர் மறுத்தது. கம்பனிக்காக அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார். பிபிலே இணைந்து எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. 1977இல் அவர் இறந்தார், அதே வருடம் ஆட்சியும் மாறியது. தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் வர 2015 ஆனது. இத்தனை வருடம் தள்ளிப்போனதற்கு கொழும்பில் அமைச்சின் கதவைத் தட்டுகிற மருந்துக் கம்பனிகளின் செல்வாக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கவுண்டருக்குப் பின்னால்:
தம்பி, பாமசி வைத்திருப்பவன் நான். கம்பனியின் விற்பனை றெப் வருவார், பத்துப் பெட்டி எடுத்தால் இரண்டு பெட்டி போனஸ் என்பார். வாங்குவேன். மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கம்பனியின் தலையில் கட்டாதீர்கள். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. சனம் சந்தோஷப்பட்டது, நானும்தான். 2022இல் டொலர் எகிறியதும் அந்த விலைக்கு யார் இறக்குவார்? தட்டு காலியாகத்தான் இருந்தது. மார்ச்சில் 29 சதவீதம் கூட்ட அனுமதித்தார்கள். இறக்குமதியாளர்கள் போய்க் கேட்டிருக்காவிட்டால் அதுவும் நடந்திராது. அதையும் செல்வாக்கு என்றுதான் சொல்வீர்களா?

உப்புவெளிக்காரன்:
அண்ணை, கேட்டது பிழை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் என் அம்மாவுக்காக யார் இருந்தது?

கந்தளாய் ரோட்டு:
இரண்டு பேரும் பெரிய ஆளை விட்டுவிட்டு நிற்கிறீர்கள். இந்த நாட்டில் சுகாதார அமைச்சை அசைக்கக்கூடியது அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம். மாலபே சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியை மூட 2017இல் எப்படி முடிவானது? கடிதம் எழுதியா? வேலைநிறுத்தத்தில். கல்லூரி நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. அந்த நாட்களில் மாமாவை ஓட்டோவில் கூட்டிப்போய், ஓபிடி வாசலில் இருந்துவிட்டுத் திரும்பினேன். பின்னேரம் தனியாரில் காசு கட்டி அரச டொக்டரையே சனல் பண்ணினோம். ஸ்ட்ரைக் எல்லாம் காலையில் மட்டும்தான் போல.

இரவு டியூட்டி:
தாதியாக இருபது வருடம் வேலை செய்கிறேன். உங்கள் கோபம் நியாயம், கணக்குப் பிழை. சங்கம் ரோட்டில் நின்று கேட்கிறது. என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் திட்ட முடிகிறது. கம்பனி கேட்பது யாருக்குத் தெரியும்?

சிகரெட் பெட்டியைப் பாருங்கள். பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தது. சிலோன் டொபாக்கோ கம்பனி நீதிமன்றம் போனது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 50இலிருந்து 60க்குள் போதும் என்றது. அடுத்த வருடம் பாராளுமன்றம் சட்டமாகவே 80ஐக் கொண்டுவந்த பிறகுதான் அந்த அளவில் படம் பெட்டியில் ஏறியது. ஒரு படத்துக்கு மூன்று வருடம்! இத்தனைக்கும் இது வழக்கு என்பதால் வெளியே தெரிந்தது. புகையிலைக் கம்பனியின் நலன் கொள்கைக்குள் நுழையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கை 5.3ஆம் உறுப்புரையிலேயே எழுதியிருக்கிறது, நாமும் கையெழுத்திட்ட நாடு. மருந்துக்கும் சீனித் தண்ணிக்கும் அப்படி ஒரு உறுப்புரை கிடையாது.

கந்தளாய் ரோட்டு:
அக்கா, ரோட்டில் நின்றால் எல்லாம் சரியா? வாசலில் இருந்தவருக்கு எந்தப் பக்கத்தால் அடி விழுந்தாலும் ஒன்றுதான்.

இரவு டியூட்டி:
சரி, அதை ஏற்கிறேன். ஸ்ட்ரைக் அன்று வார்டில் நின்றவள் நான், வாசலில் இருந்தவர் நீங்கள்.

கிண்ணியாப் பாலம்:
நாங்களும் செல்வாக்குக் குழுதான், தெரியுமா? 2017இல் டெங்கு வந்தபோது கிழக்கில் எங்கள் கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு, ஆனால் மார்ச்சில் பேப்பரைத் திறந்தால் எங்கள் ஊர்தான். சனம் சத்தம் போட்டது. அமைச்சர்கள் வந்தார்கள், மேலதிக வைத்தியர்கள் வந்தார்கள். அதற்கு முதல் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே "அழுத்தம் கொடுப்பதே பிழை" என்று யாரும் எழுதாதீர்கள். எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது.

கவுண்டருக்குப் பின்னால்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

கிண்ணியாப் பாலம்:
இல்லை நாநா, நீங்கள் சொன்னது வேறு. எங்கள் சத்தத்துக்கு ஆட்கள் சாக வேண்டியிருந்தது. இறக்குமதியாளருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் போதும். முன்பென்றால் மாகாண சபையிலாவது ஒரு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கலாம். கிழக்கு மாகாண சபை கலைந்தது 2017 செப்டம்பரில். அதன்பிறகு தேர்தலும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை.

உப்புவெளிக்காரன்:
கிண்ணியா ராத்தா சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அண்ணை, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். போனஸ் இல்லாத கம்பனியின் குளிசையை முன் தட்டில் வைப்பீர்களா?

கவுண்டருக்குப் பின்னால்:
வைக்க மாட்டேன். கடை வாடகை கட்ட வேண்டும் தம்பி.
கம்பனிப் பெயரை விடுங்கள், குளிசைப் பட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதை இங்கே எழுதுங்கள். என்னிடம் எத்தனை கம்பனியில் இருக்கிறது, என்ன விலை என்று நாளைக்குக் கடை திறந்ததும் போடுகிறேன். டொக்டரிடம் அந்தப் பெயரிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.